குடும்பம் என்றால் யார் யார்?

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். 68 வயதுப் பாட்டி ஒருவர். அவருடைய மகள் மணவிலக்கு பெற்றவர், வேறொரு நாட்டில் வேலை பார்க்கிறார். மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார், ராத்திரி ஆனால் வீடியோவில் வந்துவிடுகிறார். மகளின் 9 வயதுப் பையன் பாட்டியிடம் வளர்கிறான். நாலாவதாகப் பாட்டியின் பள்ளிக்காலத் தோழி. 20 வருஷத்துக்கு முன் நாலு நாள் தங்கிப் போக வந்தவர், போகவில்லை. பையனுக்கு அவர் சின்னப்பாட்டி. அந்த வீட்டில் யாருக்கும் அவர் ரத்த சொந்தம் இல்லை.

இந்த வீட்டுக் கதவைத் தட்டி, "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?" என்று கேட்டால் எது சரியான பதில்? பாட்டி நாலு என்பார். பையன் ஐந்து என்பான், பூனையையும் சேர்த்து. கணக்கெடுக்க வந்தவர் இரண்டு என்று எழுதலாம். ஒரு விதிப்படி பார்த்தால் இங்கே குடும்பமே கிடையாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்படி ஒரு விதி இருக்கிறது, கொஞ்சம் கீழே வரும்.

குடும்பத்தை ஆராய்கிறவர்கள் பல துறைகளில் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் ஆளுக்கொரு பொருளில். முதல்முறை படிக்கும்போது இது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இத்தனை படித்தவர்கள் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளை முடிவு செய்துகொள்ளக் கூடாதா? அப்புறம்தான் விளங்கியது. ஒவ்வொரு வரையறைக்கும் பின்னால் ஒரு கேள்வி நிற்கிறது. கேள்வியைப் பார்த்துவிட்டால் வரையறை ஏன் அப்படி இருக்கிறது என்பது தானாகப் பிடிபடும்.

ஒரே உலை, ஒரே கூரை

தலைகளை எண்ணுகிறவர்களிடமிருந்து தொடங்கலாம். மக்கள்தொகை ஆய்வாளர்களுக்குக் குடும்பத்தைவிடக் குடித்தனம் முக்கியம். இரண்டும் ஒன்றில்லை. குடித்தனம் என்பது சேர்ந்து வாழும் ஏற்பாடு. குடும்பம் என்பது உறவு. வாடகைக்கு வீடு பிடித்துச் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் மூன்று மாணவர்கள் ஒரு குடித்தனம், குடும்பம் இல்லை. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன அக்கா உங்கள் குடும்பம், உங்கள் குடித்தனம் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

குடித்தனத்தை எப்படி அடையாளம் காண்பது? ஐக்கிய நாடுகள் சபையின் வழிகாட்டுதல்கள் இரண்டு வழிகளைச் சொல்கின்றன. சாப்பாட்டுக்கும் மற்ற அத்தியாவசியங்களுக்கும் சேர்ந்து ஏற்பாடு செய்துகொள்கிறவர்கள் ஒரு குடித்தனம் என்பது ஒரு வழி. நம் பேச்சில் சொன்னால் ஒரே உலை. ஒரே வீட்டில் வசிக்கிறவர்கள் எல்லோரும் ஒரு குடித்தனம் என்பது இன்னொன்று. அது ஒரே கூரை. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனித்தனி அடுப்பு மூட்டினால் முதல் கணக்கில் இரண்டு குடித்தனம், இரண்டாவது கணக்கில் ஒன்று. எந்த நாடு எந்த வழியில் போகிறது என்று பார்க்காமல் குடித்தன அளவுகளை ஒப்பிடுகிறவர், அடுப்பையும் கூரையையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

நம் பாட்டி வீட்டில் எந்த வழியில் போனாலும் குடித்தனத்தில் மூன்று பேர். மகள் வழக்கமாக வசிப்பது வேறு நாட்டில், அதனால் அங்கேதான் எண்ணப்படுவார். சரி, குடும்பம்? அமெரிக்கக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் வரையறைப்படி, பிறப்பாலோ திருமணத்தாலோ தத்தெடுப்பாலோ உறவாகி ஒன்றாக வசிக்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் குடும்பம். பாட்டியும் பேரனும் தேறிவிடுகிறார்கள். தோழி 'உறவினர் அல்லாதவர்'. ஐநா வழிகாட்டுதலில் 'குடும்பக் கரு' என்று ஒன்று உண்டு. தம்பதி இருக்க வேண்டும், அல்லது பெற்றோரில் ஒருவராவது தன் பிள்ளையோடு இருக்க வேண்டும். பாட்டியும் பேரனும் இதில் அடங்க மாட்டார்கள், நடுவில் ஒரு தலைமுறை இல்லை. மேலே சொன்ன விதி இதுதான். மூன்று பேர் இருக்கிறார்கள், குடும்பக் கரு பூஜ்யம்.

இதற்காக அவர்கள்மீது கோபப்பட வேண்டியதில்லை. கோடிக்கணக்கான வீடுகளை ஒரே அளவுகோலால் அளந்து, பத்து வருஷம் கழித்து அதே கோலால் மறுபடி அளக்க வேண்டிய வேலை அது. பாசத்துக்குப் படிவத்தில் கட்டம் போட முடியாது. ஆனால் கட்டம் போட்டவர் கை எப்படியும் உள்ளே தெரியும். படிவங்கள் நெடுங்காலம் 'குடும்பத் தலைவர்' என்று ஒருவரை நடுவில் வைத்து, மற்றவர்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டே எழுதப்பட்டன. அமெரிக்கா 1980 கணக்கெடுப்பில் அந்தச் சொல்லைக் கைவிட்டு, வீடு யார் பெயரில் சொந்தமாகவோ வாடகைக்கோ இருக்கிறதோ அவரை நடுவில் வைத்தது. சின்ன மாற்றம் போலத் தெரியும். நம் வீட்டில் வீடு தோழியின் பெயரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே பாட்டியும் பேரனும் 'உறவினர் அல்லாதவர்கள்' ஆகிவிடுவார்கள், மொத்த வீடும் 'குடும்பம் அல்லாத குடித்தனம்' என்ற பட்டியலுக்குப் போய்விடும். பத்திரத்தில் ஒரு பெயர் மாறியதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை.

'அந்தக் காலத்தில்' என்று தொடங்கும் பேச்சு

அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் பெரிய கூட்டுக்குடும்பம்தான், தொழிற்சாலைகள் வந்துதான் எல்லாம் உடைந்தது என்று ஒரு கதை நெடுநாள் நம்பப்பட்டது. வரலாற்றாசிரியர்கள் போய்ப் பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். 1964இல் கேம்பிரிட்ஜில் பீட்டர் லாஸ்லெட்டும் டோனி ரிக்லியும் இதற்கென்றே ஓர் ஆய்வுக் குழுவைத் தொடங்கினார்கள். 1574 முதல் 1821 வரையிலான காலத்தில் 100 ஆங்கிலேய ஊர்களின் பட்டியல்களை லாஸ்லெட் எண்ணிப் பார்த்தார். சராசரிக் குடித்தனத்தில் 4.75 பேர். தொழிற்புரட்சிக்கு முன்பே இங்கிலாந்தில் வீடுகள் சிறியவைதான். தாத்தா முதல் பேரன் வரை ஒரே கூரையின் கீழ் என்பது அங்கே அபூர்வம்.

அந்த 4.75இல் வேலைக்காரர்களும் அடக்கம் என்பது இங்கே முக்கியம். குடும்பத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'ஃபமிலியா' பிறந்ததே அடிமையை, பணியாளைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான். 1660இல் லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் தன் புகழ்பெற்ற நாட்குறிப்பைத் தொடங்கும்போது, மனைவி, வேலைக்காரி ஜேன், தான் ஆகிய மூவரைத் தவிரக் குடும்பத்தில் வேறு யாரும் இல்லை என்று எழுதுகிறார். ஜேன் குடும்பம். அதே ஊரில் இருந்த அவருடைய தாய் தகப்பன் அந்த மூவரில் இல்லை. இன்று நாம் எழுதினால் நேர்மாறாக எழுதுவோம். சொல் அப்படியே இருக்க, உள்ளே இருந்த ஆட்கள் மாறிவிட்டார்கள்.

லாஸ்லெட்டின் எண்ணுக்கும் ஒரு மறுப்பு வந்தது, அது எனக்குப் பிடித்த மறுப்பு. 1972இல் லூட்ஸ் பெர்க்னர் ஆஸ்திரியாவின் ஒரு வட்டாரத்தில் 1763இல் எடுத்த கணக்கை வேறு விதமாகப் பிரித்தார். குடித்தனத் தலைவரின் வயதை வைத்துப் பார்த்தார். தலைவர் இளைஞராக இருந்த வீடுகளில் வயதான பெற்றோர் கூட இருப்பது சாதாரணம். தலைவர் நடுவயதை எட்டும்போது அந்தப் பெரியவர்கள் இறந்துபோயிருப்பார்கள், வீடு 'தனிக்குடும்பம்' போலத் தெரியும். இன்னும் கொஞ்ச காலத்தில் அவர் மகனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தானே 'வயதான பெற்றோர்' ஆவார். ஒரே குடும்பம்தான், வெவ்வேறு வயதில் பிடித்த படங்கள். ஒருநாள் கணக்கை வைத்து ஊரில் கூட்டுக்குடும்பமே இல்லை என்பது, காலையில் வெறும் திண்ணையைப் பார்த்துவிட்டு இங்கே யாரும் உட்காருவதில்லை என்று சொல்வது மாதிரி.

சித்தப்பாவும் மாமாவும்

மானுடவியலாளர்களுக்கு எண்ணிக்கையில் அவ்வளவு ஆர்வம் இல்லை. யாரை யார் என்ன முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கியவர்கள் அவர்கள். இதில் தமிழுக்கு ஒரு நல்ல பங்கு உண்டு. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞர், நியூயார்க் மாநிலத்தின் செனெகா பழங்குடியினர் அப்பாவின் சகோதரரையும் அப்பா என்றே அழைப்பதைக் கவனித்தார். அவருடைய பிள்ளைகள் அண்ணன், தங்கை. ஆனால் அம்மாவின் சகோதரருக்கு வேறு சொல், அவருடைய பிள்ளைகளுக்கும் வேறு சொல். ஆங்கிலத்தில் இரண்டு பேரும் 'அங்கிள்'தான், பிள்ளைகள் எல்லோரும் 'கசின்'தான். மார்கன் ஒரு நீண்ட உறவுமுறைப் படிவம் தயாரித்து உலகின் பல மூலைகளுக்கு அனுப்பினார். தமிழ் பற்றிய விவரம் மிஷனரிகள் வழியாக வந்து சேர்ந்தபோது அவருக்கு ஒரே வியப்பு. பெரியப்பா, சித்தப்பா ஒரு பக்கம், மாமா இன்னொரு பக்கம் என்ற நம் பிரிவு, செனெகா பிரிவோடு ஏறக்குறைய ஒத்துப்போனது.

1871இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட பெருநூலில், இதையே அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்குச் சான்றாக வைத்தார் மார்கன். அந்த வாதம் நிற்கவில்லை, ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத பல சமூகங்களில் இதே மாதிரியான முறை இருப்பது பிறகு தெரியவந்தது. ஆனால் அவர் திறந்த கதவு மூடப்படவில்லை. உறவு என்பது ரத்தத்தில் எழுதிவைத்தது மட்டும் இல்லை, ஒவ்வொரு சமூகமும் அதை வேறுவேறு விதமாகக் கத்தரித்துக்கொள்கிறது என்பது அதிலிருந்து கிடைத்த பாடம்.

1949இல் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் 250 சமூகங்களைப் பற்றிய தகவல்களை ஒப்பிட்டு ஒரு வரையறை கொடுத்தார். சேர்ந்து வசிப்பது, பொருளாதாரத்தில் ஒத்துழைப்பது, பிள்ளை பெறுவது ஆகிய மூன்றும் சேர்ந்தது குடும்பம். சமூகம் ஏற்ற உறவில் ஓர் ஆணும் பெண்ணும், அவர்கள் பெற்ற அல்லது தத்தெடுத்த பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற கரு எல்லாச் சமூகங்களிலும் உண்டு என்றார். பாடப்புத்தகங்கள் இதை இன்றும் முதல் பக்கத்தில் போடுகின்றன, அடுத்த பக்கத்திலேயே மறுக்கவும் செய்கின்றன.

மறுப்புக்கு வழக்கமாகக் காட்டப்படுவது பழைய மத்திய கேரளத்தின் நாயர்கள். காத்லீன் கஃப் 1959இல் எழுதிய ஆய்வு இது. பெண்ணும் பிள்ளைகளும் தாய்வழிக் கூட்டுவீடான தறவாட்டில் இருப்பார்கள். கணவர் இரவில் வந்து போகிறவர், அவருடைய வீடு அவருடைய அம்மாவின் தறவாடு. பிள்ளைகளை வளர்ப்பதும் சொத்தைக் கவனிப்பதும் தாய்மாமன் பொறுப்பு. குழந்தை பிறக்கும்போது, பிரசவம் பார்த்தவருக்கு உரியதைக் கொடுத்து ஓர் ஆண் தன்னைத் தகப்பனாக ஒப்புக்கொள்ள வேண்டும். தகப்பன் என்ற பதவிக்கு அங்கே தேவைப்பட்டது அவ்வளவுதான். மர்டாக்கின் மூன்று நிபந்தனைகளில் சேர்ந்து வசிப்பது இல்லை, பொருளாதார ஒத்துழைப்பும் பெரிதாக இல்லை. இவர்களுக்குக் குடும்பம் இல்லை என்பதா, வரையறையில் ஓட்டை என்பதா? பெரும்பாலான மானுடவியலாளர்கள் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இதைவிட அழகான உதாரணம் மலேசியாவின் லங்காவி தீவிலிருந்து வருகிறது. அங்கே தங்கி ஆராய்ந்த ஜேனட் கார்ஸ்டன், ரத்தம் சாப்பாட்டிலிருந்து ஊறுகிறது என்று அங்குள்ள மலாய் மக்கள் கருதுவதைப் பதிவு செய்தார். ஒரே அடுப்பில் வெந்த சோற்றைச் சேர்ந்து உண்டு வாழ்கிறவர்களுக்கு நாளடைவில் ஒரே ரத்தம் ஆகிவிடுகிறது, அதனால் சொந்தம் ஆகிவிடுகிறார்கள். பிறப்பு ஒரு தொடக்கம்தான், மிச்சத்தை அடுப்பு பார்த்துக்கொள்ளும். கணக்கெடுப்பாளரின் 'ஒரே உலை' சற்றும் எதிர்பாராத இடத்தில் மறுபடி வந்து நிற்கிறது பாருங்கள். இந்தக் கணக்கில் 20 வருஷம் ஒரே உலையில் சாப்பிட்ட நம் தோழி எப்போதோ சொந்தம் ஆகிவிட்டார்.

பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா

சமூகவியலில் ஒரு காலத்தில் முக்கியமாக இருந்த கேள்வி, குடும்பம் எதற்குப் பயன்படுகிறது என்பது. 1955இல் டால்காட் பார்சன்ஸ், நவீன சமூகத்தில் குடும்பத்துக்கு இரண்டு வேலைதான் மிச்சம் என்றார். ஒன்று குழந்தையைச் சமூகத்துக்குப் பழக்குவது, மற்றது பெரியவர்களின் மனத்தை நிலையாக வைத்திருப்பது. அவர் மனத்தில் இருந்தது, சம்பாதிக்கும் கணவரும் வீட்டைப் பார்க்கும் மனைவியும் கொண்ட அந்தக் காலத்து அமெரிக்க நடுத்தர வீடு. அதற்குள் அடங்காதவை எல்லாம் கோளாறு போலத் தெரியத் தொடங்கின.

கோளாறு என்று சொல்லப்பட்ட இடத்துக்கே போய்ப் பார்த்தவர் கரோல் ஸ்டாக். 1960களின் இறுதியில் ஓர் அமெரிக்க நகரத்தின் ஏழைக் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் இருந்து, பணம், துணிமணி, நாற்காலி, குழந்தை பார்த்துக்கொள்வது என எது யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குச் சிதறிய குடும்பமாகத் தெரிந்தது, கிட்டத்தில் பல வீடுகளைக் கோத்த ஒரு வலையாக இருந்தது. வலையில் ரத்த சொந்தம் இல்லாதவர்களும் அக்கா, அத்தை என்ற முறையோடு இருந்தார்கள். கொடுத்ததைத் திருப்பித் தரவில்லை என்றால் முறையும் மெல்ல உதிர்ந்துவிடும். 1974இல் வெளிவந்த அந்த ஆய்வு இன்றும் மாணவர்களுக்குப் பாடம்.

1996இல் பிரிட்டனின் டேவிட் மார்கன் கேள்வியையே திருப்பிப் போட்டார். மேலே வந்த மார்கன் வேறு, இவர் வேறு. குடும்பம் என்பது ஒரு பொருள் போல அங்கே இருக்கும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு தேடாதீர்கள், மனிதர்கள் அன்றாடம் செய்கிற செயல்களில் பாருங்கள் என்றார். பையனுக்குத் தலை வாரிவிடுவது, காய்ச்சல் என்றால் விடிய விடிய விழித்திருப்பது, யாருக்குக் காரம் ஆகாது என்று நினைவு வைத்திருப்பது. குடும்பம் இருப்பதில்லை, 'செய்யப்படுகிறது'. 2007இல் ஜேனட் ஃபின்ச் இதோடு இன்னொன்றைச் சேர்த்தார். செய்தால் மட்டும் போதாது, இது குடும்பம்தான் என்று மற்றவர்களுக்குக் காட்டவும் வேண்டியிருக்கிறது. நம் பையன் பள்ளியில் "இவங்க என் சின்னப்பாட்டி" என்று அறிமுகப்படுத்துவது அப்படி ஒரு காட்டல். அம்மா, அப்பா, பிள்ளை என்று இருக்கும் வீட்டுக்கு அந்த வேலை குறைவு, பார்த்தவுடனே நம்பிவிடுவார்கள்.

எனக்கு இந்தப் பார்வைதான் நெருக்கமானது. ஒரு சங்கடம் மட்டும் உண்டு. எல்லாமே 'செய்வது' என்றால், எதுவுமே செய்யாத தகப்பன் யார்? ஜீவனாம்ச வழக்குகளில் நீதிபதி கேட்கிற கேள்வி அதுதான், அதற்குத் தலை வாரிவிட்ட கணக்கு உதவாது.

தன் சதை ஆடும்போது

உயிரியலாளர்கள் வேறு திசையிலிருந்து வருகிறார்கள். 'தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்' என்பதற்கு 1964இல் டபிள்யூ. டி. ஹாமில்டன் கணிதம் எழுதினார். ஒரு மரபணு பரவ அதைச் சுமப்பவர் பிள்ளை பெற்றால் மட்டும்தான் வழி என்றில்லை, அதே மரபணு இருக்க வாய்ப்புள்ள உறவினருக்கு உதவினாலும் பரவும். பெற்ற பிள்ளைக்கும் கூடப்பிறந்தவருக்கும் அந்த வாய்ப்பு 1/2, பேரனுக்கு 1/4, அத்தை மாமா பிள்ளைகளுக்கு 1/8. உதவி பெறுகிறவருக்கான பலனை இந்தப் பின்னத்தால் பெருக்கி வருவது, உதவுகிறவரின் நஷ்டத்தைவிட அதிகமாக இருந்தால் அந்தக் குணம் நிலைக்கும். எறும்பு, தேனீயிலிருந்து மனிதர் வரை இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்கிறார்கள்.

மனிதரில் இது பாட்டிமார்களிடம் கொண்டுபோய் விட்டது. பெண்கள் மாதவிடாய் நின்ற பிறகும் பல பத்தாண்டுகள் வாழ்வது ஏன் என்பது பரிணாமத்தில் ஒரு புதிர். கிறிஸ்டன் ஹாக்ஸும் உடன் ஆராய்ந்தவர்களும் தான்சானியாவின் ஹட்சா வேட்டுவர்களிடையே வயதான பெண்கள் மண்ணைக் கிண்டிக் கிழங்கெடுப்பதில் சளைக்காமல் உழைப்பதைக் கண்டு, பேரக்குழந்தைகளுக்குக் கிடைக்கும் அந்த உணவே விடையாக இருக்கலாம் என்றார்கள். காம்பியாவின் கிராமங்களில் 1950 முதல் 1974 வரை மருத்துவ ஆராய்ச்சிக்காகச் சேர்த்த பதிவுகளை ரெபெக்கா சியரும் ரூத் மேஸும் பிறகு எடுத்துப் பார்த்தார்கள். அம்மாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் சிறு குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடியது. தகப்பன் இருக்கிறாரா என்பதால் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை! குடும்பக் கருவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பாட்டி, உயிரியலாளரின் கணக்கில் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். தோழியைப் பற்றி இந்தக் கணக்குக்குச் சொல்ல அதிகம் இல்லை.

பணம் யார் கையில்

பொருளாதார அறிஞர்கள் வெகுகாலம் வீட்டை ஓர் ஆள் போலவே நடத்தினார்கள். வருமானம் உள்ளே போகும், செலவு வெளியே வரும், நடுவில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. 1992இல் நோபல் பரிசு பெற்ற கேரி பெக்கர்தான் திருமணம், பிள்ளைப்பேறு, வீட்டு வேலைப் பங்கீடு எல்லாவற்றையும் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்தவர். அவரும்கூட, அக்கறையுள்ள ஒரு தலைவர் எல்லோருக்காகவும் யோசிப்பதாக ஒரு கணக்குப் போட்டு வீட்டுக்குள் வரும் பூசல்களை அமுக்கிவிட்டார். அப்படியானால் பணம் யார் கையில் வந்தாலும் செலவு ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வீடு வாசப்படி என்று தெரிந்த யாருக்கும் இதில் சந்தேகம் வரும். சோதிக்க ஒரு வாய்ப்பு பிரிட்டனில் கிடைத்தது. அங்கே அதுவரை பெரும்பாலும் தகப்பனின் சம்பளத்தில் வரிச்சலுகையாக இருந்த பிள்ளைகளுக்கான உதவி, 1970களின் இறுதியில் தாயின் கையில் ரொக்கமாகத் தரப்பட்டது. ஷெல்லி லண்ட்பெர்க், ராபர்ட் போலாக், டெரன்ஸ் வேல்ஸ் 1997இல் அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வீடுகள் துணிக்குச் செய்த செலவைப் பார்த்தார்கள். ஆண்கள் துணியோடு ஒப்பிட்டால் பெண்கள், குழந்தைகள் துணிக்கான செலவு கூடியிருந்தது. ஒரே வீடு, கை மட்டும் மாறியது.

2003இல் எஸ்தர் டுஃப்ளோ தென்னாப்பிரிக்காவின் முதியோர் ஓய்வூதியத்தை வைத்து இதேபோலக் கேட்டார். ஓய்வூதியம் பாட்டி கைக்கு வந்த வீடுகளில் பேத்திகளின் உடல்வளர்ச்சி தேறியிருந்தது. தாத்தா கைக்கு வந்த வீடுகளில் அப்படித் தெரியவில்லை. இந்த ஆய்வுகளுக்குப் பிறகு, 'குடும்பத்துக்கு உதவி' என்று மொட்டையாகச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் பார்த்தால் எனக்கு அடுத்த கேள்வி தானாக வந்துவிடுகிறது: யார் பெயரில்?

வார்டில் குடியிருந்த குடும்பங்கள்

உளவியலைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே ஒரு காட்சி போதும். 1950களில் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் மர்ரி போவன் என்ற மருத்துவர், மனச்சிதைவு நோயாளிகளோடு அவர்களுடைய அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்களையும் வார்டிலேயே குடியிருக்க வைத்தார். ஒருவர் தேறினால் இன்னொருவர் நிலைகுலைவதையும், இருவருக்கிடையே பதற்றம் ஏறினால் மூன்றாமவரை இழுத்துப் போட்டுக்கொள்வதையும் கண்ணால் கண்டார். அன்றிலிருந்து ஒரு வகை சிகிச்சையாளர்களுக்கு நோயாளி என்பவர் தனி ஆள் இல்லை, குடும்பம் முழுவதும்தான். அவர்கள் வரையும் குடும்ப வரைபடத்தில் ஆண் சதுரம், பெண் வட்டம், ஓயாத சண்டைக்கு ரம்பப்பல் போன்ற கோடு. அந்தப் படத்தில் தோழிக்கும் ஒரு வட்டம் நிச்சயம் கிடைக்கும், மகளிடமிருந்து பையனுக்குக் கடலைத் தாண்டி ஒரு கோடும்.

ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று 1987இல் ராபர்ட் பிளோமினும் டெனிஸ் டேனியல்ஸும் கேட்ட கேள்வியும் இங்கே சேரும். இரட்டையர்களையும் தத்துப்பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், ஆளுமையைப் பொறுத்தவரை ஒரே வீடு என்பதால் பிள்ளைகள் பெரிதாக ஒன்றுபோல ஆவதில்லை என்று தெரிந்தது. அண்ணன் வளர்ந்த குடும்பமும் தம்பி வளர்ந்த குடும்பமும் ஒரு விதத்தில் வெவ்வேறு குடும்பங்கள்.

ஒரு பாட்டி சிறைக்குப் போகவிருந்த கதை

வரையறை ஏட்டுச் சமாசாரம் என்று நினைக்கிறவர்களுக்கு இது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈஸ்ட் கிளீவ்லண்ட் என்ற ஊரில், ஒரு வீட்டில் ஒரு குடும்பம்தான் இருக்கலாம் என்று விதி. குடும்பம் என்றால் யார் என்றும் அந்த விதியே பட்டியல் போட்டிருந்தது. இனெஸ் மூர் என்ற பாட்டி தன் மகனோடும் இரண்டு பேரன்களோடும் இருந்தார். ஒரு பேரன் அந்த மகனின் பிள்ளை. இன்னொருவன் வேறொரு மகனின் பிள்ளை, கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்து பாட்டியிடம் வந்தவன். இருவரும் உடன்பிறந்தவர்களாக இருந்திருந்தால் பிரச்சினை இல்லை. பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் என்பதால் பட்டியலில் இடமில்லை. 1973இல் வந்த அறிவிப்பு அந்தச் சிறுவனை 'சட்டவிரோதக் குடியிருப்பாளர்' என்றது. அவனை அனுப்ப மறுத்த பாட்டிக்கு ஐந்து நாள் சிறை, 25 டாலர் அபராதம். 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அந்த விதியைத் தள்ளுபடி செய்தது. தமிழில் அந்தப் பையன்கள் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பிதான்!

1989இல் நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. வாடகைச் சட்டத்தில் வரும் 'குடும்பம்' என்ற சொல்லுக்கு, திருமணம் செய்யாமல் பத்து வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த இரண்டு ஆண்களும் பொருந்துவார்கள் என்றது. எத்தனை காலம் சேர்ந்திருந்தார்கள், பணத்திலும் மனத்திலும் எவ்வளவு பிணைந்திருந்தார்கள், அன்றாடம் ஒருவரை ஒருவர் எவ்வளவு நம்பியிருந்தார்கள் என்று பார்க்கச் சொன்னது. சமூகவியலாளரின் வினைச்சொல் நீதிமன்றத்துக்குள் நுழைந்த நேரம் என்று இதைச் சொல்லலாம்.

யாரைக் கேட்பது

எப்படி ஆராய்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். பொறுமையான வழி, அதே ஆட்களை வருஷக்கணக்கில் பின்தொடர்வது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968இல் சுமார் 4,800 குடும்பங்களோடு தொடங்கிய ஆய்வு இன்னும் நடக்கிறது. பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போனால் அந்தக் குடித்தனமும் பட்டியலில் சேர்ந்துகொள்ளும். இதற்கு நேர் எதிரான வழி, சில வீடுகளுக்குள் புகுந்து எல்லாவற்றையும் பார்ப்பது. 2000களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் 32 குடும்பங்களின் அன்றாடத்தைக் காமிராவில் பதிவு செய்தது ஒரு பல்கலைக்கழகக் குழு. குழுவில் தொல்லியலாளர்களும் இருந்தார்கள், அகழாய்வுத் தளம் போல அறை அறையாகப் பொருள்களை எண்ணினார்கள். சிலர் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். அந்தப் பதிவுகளில் ஒரு சின்னக் காட்சி திரும்பத் திரும்ப வந்தது: பெரும்பாலும் அம்மாவுக்குப் பிறகு வீட்டுக்கு வரும் அப்பாவை, ஏதோ ஒன்றில் மூழ்கியிருக்கும் பிள்ளைகள் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

எந்த வழியில் போனாலும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருக்கும். வீட்டில் யாரைக் கேட்பது? 2009இல் சூசன் பிரவுனும் வெண்டி மேனிங்கும் ஒரு பெரிய அமெரிக்கக் கருத்தாய்வில், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தாய் சொன்னதையும் அவருடைய பதின்வயதுப் பிள்ளை சொன்னதையும் பக்கத்தில் வைத்தார்கள். பெற்ற தாய் தகப்பன் இருவரும் இருந்த வீடுகளில் பதில்கள் ஏறக்குறைய முழுவதும் ஒத்துப்போயின. தாய் திருமணம் செய்யாமல் ஒருவரோடு சேர்ந்து வாழும் வீடுகளில், மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தில் ஒத்துப்போகவில்லை. தாயின் பட்டியலில் இருந்த ஆள் பிள்ளையின் பட்டியலில் இல்லை, அல்லது வேறு பெயரில் இருந்தார். இருவரும் பொய் சொல்லவில்லை.

ஆக, 'குடும்பங்கள் சுருங்குகின்றன' என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் முதலில் அது குடித்தனமா குடும்பமா என்று பாருங்கள். அப்புறம் உலையை வைத்து எண்ணினார்களா, கூரையை வைத்தா என்று பாருங்கள். கடைசியாக, கதவைத் திறந்து பதில் சொன்னவர் யார் என்று பாருங்கள். நம் வீட்டில் அன்றைக்குப் பாட்டி கடைக்குப் போயிருந்து, பையன் திறந்திருந்தால், பூனையும் எண்ணப்பட்டிருக்கும்.